ஆடுவது நாலு பேர், திண்ணையில் பத்துப் பேர்

கிருஷ்ணகிரியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாங்காய் சீசன். கூடத்தில் பாதி இடத்தைக் கூடைகள் பிடித்திருந்தன. மிச்ச இடத்தில் அக்கா மகன் காலை நீட்டி உட்கார்ந்து போனை முறைத்துக்கொண்டிருந்தான். ஓசூரில் படிக்கிறான். தினமும் பேருந்தில் போகவர ஆகும் நேரத்தில் ஃபைனல் ஃபேண்டஸி 6 என்ற வீடியோ கேமை ஆடி, ஏறக்குறைய முடிக்கும் இடத்துக்கு வந்திருந்தான்.

"என்ன மாமா இது, மூணு டீம் கேக்குறான். எங்கிட்ட இருக்கிறதே ஒரே டீம்தான்."

வாங்கிப் பார்த்தேன். ஆட்டத்து வீரர்களில் நாலு பேர் 45ஆம் லெவலை, அதாவது 45ஆம் பலப்படியைத் தொட்டிருந்தார்கள். மற்றவர்கள் முப்பதுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றார்கள். 14 பேரையும் ஊர் ஊராக அலைந்து சேர்த்திருக்கிறான், ஆனால் சேர்த்ததோடு சரி. சண்டை என்று வந்தால் எப்போதும் அதே நாலு பேர். கடைசிக் கோபுரத்தின் வாசலில் ஆட்டம் அவனிடம் கணக்குக் கேட்கிறது: மூன்று அணியாகப் பிரிந்து வா.

1994இல் சூப்பர் ஃபேமிகாம் என்ற, டிவியில் மாட்டி ஆடும் கருவிக்கு வந்த ஆட்டம் இது. போனில் இப்போது ஆடக் கிடைக்கும் பதிப்பு 2022இல் வந்தது. தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து நான் இதை ஆடிய காலத்தில் இதே வாசலில் இதே முழி முழித்தேன். (அந்த சேவ் ஃபைல், கம்ப்யூட்டரை ஃபார்மெட் செய்தபோது போய்விட்டது. அதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் வயிறு எரியும், விடுங்கள்.)

கதைக்குள் ஒரு பாத்திரமாகப் புகுந்து ஆடும் ஆர்பிஜி ஆட்டங்களில் நம்மோடு சேர்ந்து சண்டை போடும் கூட்டத்துக்குப் பார்ட்டி என்று பெயர். பார்ட்டி மாறுவது என்றால் நம்மூரில் அர்த்தமே வேறு என்பதால், இங்கே அணி என்றே சொல்கிறேன். அணி இரண்டு விதம். யார் யார் வருவார்கள், எப்போது வருவார்கள், எப்போது போவார்கள் என்பதைக் கதையே முடிவு செய்தால் அது நிலையான அணி. பத்து இருபது பேரைக் கொடுத்து, யாரைக் கூட்டிப் போவது என்பதை ஆடுபவரிடம் விட்டுவிட்டால் அது மாறும் அணி. எது நல்லது என்ற சண்டை ரொம்ப நாளாக நடக்கிறது. ஒரு பக்கம் 'சுதந்திரம்' என்பார்கள், இன்னொரு பக்கம் 'கதை' என்பார்கள். எனக்கென்னவோ, வெளியே திண்ணையில் உட்கார வைக்கப்பட்ட ஆளை அந்த ஆட்டம் எப்படி நடத்துகிறது என்று பார்த்தாலே அதன் லட்சணம் தெரிந்துவிடும் என்று தோன்றுகிறது.

முதலில் இந்த இரண்டும் எங்கிருந்து வந்தன என்று பார்க்கலாம்.

1974இல் அமெரிக்காவில் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. அங்கே அணிப் பிரச்சினையே கிடையாது. எத்தனை நண்பர்கள் வந்தார்களோ அத்தனை பேர்தான் அணி. கம்ப்யூட்டருக்கு வந்தபோது ஒரே ஆள் எல்லாருக்குமாகச் சேர்த்து ஆட வேண்டியதாயிற்று. 1981இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்த விசர்ட்ரியில் ஆறு பேர் வரை கூட்டிப் போகலாம். ஆறு பேரையும் நாமே உருவாக்க வேண்டும். பெயர் நாம் வைப்பது, தொழில் நாம் கொடுப்பது. கதை என்று அவர்களுக்கு எதுவும் இல்லை. மிச்ச ஆட்கள் மதுக்கடையில் காத்திருப்பார்கள். சுரங்கத்துக்குள் ஓர் அணி மொத்தமாகச் செத்தால், இன்னொரு அணியைக் கூட்டிப் போய் அந்தப் பிணங்களைத் தூக்கி வரலாம். உயிர்ப்பிக்கும் முயற்சி தோற்றால் சாம்பல், அதுவும் தோற்றால் ஆளே இல்லை. திண்ணையில் ஆள் இருப்பதற்கு அங்கே ஒரு காரணம் இருந்தது. முன்னே போனவன் திரும்பி வராமல் போகலாம்.

ஜப்பானில் இது வேறு வழியில் போயிற்று. டிராகன் குவெஸ்ட் முதல் பாகத்தில் (1986) ஒரே வீரன். இரண்டாம் பாகத்தில் (1987) மூன்று பேர், இரண்டு இளவரசர்கள், ஓர் இளவரசி. மாற்ற முடியாது. இதற்குக் கதை மட்டும் காரணமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்தப் பாகத்தின் ஜப்பானியப் பதிப்பில் ஆட்டத்தைச் சேமிக்கும் வசதியே கிடையாது. அணைப்பதற்கு முன் திரையில் வரும் மந்திரச் சொற்களை, 52 எழுத்துகள் வரை, நோட்டில் எழுதிவைத்து, மறுநாள் ஓர் எழுத்தும் பிசகாமல் திரும்ப அடிக்க வேண்டும். மூன்று பேரின் கணக்கே அவ்வளவு நீளம் என்றால், பதினைந்து பேர் கொண்ட அணியின் கணக்கை எழுத ஒரு பக்கம் வேண்டியிருக்கும். மூன்றாம் பாகத்தில் (1988) கேட்ரிட்ஜுக்குள் பேட்டரி வைத்துச் சேமிக்க வழி செய்தார்கள். அதே பாகத்தில்தான் ரூய்டா என்பவரின் மதுக்கடையும் வந்தது. நாயகன் மட்டும் மாறமாட்டான். மற்ற மூன்று பேரை அந்தக் கடையில் நாமே உருவாக்கி, வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாம். 20ஆம் லெவலை எட்டியபின் ஒரு கோயிலுக்குப் போய்த் தொழிலையும் மாற்றிக்கொள்ளலாம். லெவல் ஒன்றுக்கு இறங்கிவிடும், பலம் பாதியாகும், கற்ற மந்திரம் மட்டும் கூடவே வரும். ஜப்பானிய மூலத்தில் அந்தக் கோயிலின் பெயர் தாமா. தர்மம் என்ற சொல்லின் சாயல் அது. தர்மபுரிக்காரனுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

ஃபைனல் ஃபேண்டஸி முதல் பாகம் (1987) நடுவில் நின்றது. ஆறு தொழில்களிலிருந்து நாலு பேரைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் கடைசி வரை அவர்கள்தான். வரிசையைக் கணக்கில் எடுக்காவிட்டால் 126 விதமாக அணி அமைக்கலாம். நாலு பேரையும் வெள்ளை மந்திரவாதிகளாகவே எடுத்து, தலைகீழாக நின்று ஆடி முடித்தவர்களும் உண்டு. கல்யாணம் மாதிரி, தேர்வு உங்களுடையது, ஆனால் ஒரே தடவைதான்.

நிலையான அணியின் முழு வலிமையை எனக்குக் காட்டியது அதன் நாலாம் பாகம் (1991). ஐந்து பேர் வரை சேரலாம், ஆனால் யார் என்று முடிவு செய்ய நமக்கு அதிகாரமே இல்லை. ஒருவன் வருவான், துரோகம் செய்வான், போவான். ஒரு கிழவர் பழிவாங்க வருவார், தன் சக்திக்கு மிஞ்சிய மந்திரத்தைச் சொல்லிவிட்டுச் செத்துப்போவார். இரட்டைக் குழந்தைகள் இரண்டு பக்கமும் நெருக்கி வரும் சுவரைத் தடுக்கத் தாங்களே கல்லாகி நிற்பார்கள்.

இதை முதலில் ஆடியபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் பக்கத்து பாரதம். தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. பாண்டவர் ஐவர் என்றால் ஐவர்தான். நகுலனைவிடக் கடோத்கசன் நன்றாக அடிக்கிறானே, அவனைப் போட்டுக்கொள்ளலாமே என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் ஐவரில் ஒருவன் நடுவில் விலகிப் போகலாம். அர்ச்சுனன் தபசு அன்று நட்ட கம்பத்தில் கூத்துக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சிக்குப் போய் எலுமிச்சம்பழத்தை வீசுவார். கீழே பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். அர்ச்சுனன் மற்ற நாலு பேரை விட்டுப் பிரிந்து போகிறான் என்பது ஊருக்கே ஒன்றாகத் தெரிகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு விதமாக நடக்கவில்லை. நாலாம் பாகத்தில் அந்தக் குழந்தைகள் கல்லானதும் அப்படித்தான். ஆடியவர் எல்லாரும் அதுவரை அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டுதான் நடந்திருப்பார்கள். ஆகவே எல்லாருக்கும் ஒரே அளவு வலி.

விராட பருவத்தையும் சொல்லாமல் போனால் குறை. ஒரு வருஷம் ஒளிந்து வாழ வேண்டும். தர்மன் அரசனோடு சூதாடும் துணையாகிறான், வீமன் சமையல்காரன், அர்ச்சுனன் நாட்டியம் சொல்லிக்கொடுக்கிறான், நகுலன் குதிரை பார்க்கிறான், சகாதேவன் மாடு பார்க்கிறான். ஆள் அதே ஐவர், தொழில் மட்டும் வேறு. ஃபைனல் ஃபேண்டஸி மூன்றாம் பாகமும் (1990) ஐந்தாம் பாகமும் (1992) செய்வது இதைத்தான். ஆட்கள் நாலு பேர், தொழிலை வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாம். நிலையான அணியா, மாறும் அணியா என்று அடித்துக்கொள்பவர்கள் இந்த மூன்றாவது வழியை மறந்துவிடுகிறார்கள். கதை எழுதுபவருக்கு ஆள் மாறக்கூடாது, ஆடுபவருக்குத் திறமை மாற வேண்டும். இரண்டுக்கும் இதில் இடம் இருக்கிறது.

சரி, மாறும் அணி என்றால் கதை எழுதுபவருக்கு ஏன் தலைவலி? கணக்கைப் போட்டுப் பாருங்கள். 14 பேரில் நாலு பேரைத் தேர்ந்தெடுக்க 1,001 வழி உண்டு. 1998இல் வந்த பால்டர்ஸ் கேட்டில் நம்மோடு சேரக்கூடியவர்கள் 25 பேர், நம்மைத் தவிர ஐந்து பேரைக் கூட்டிப் போகலாம். அதற்கு 53,130 வழி. ஒவ்வொரு கூட்டணிக்கும் தனித்தனியாக வசனம் எழுத எந்த ஆளாலும் ஆகாது. ஆகவே எழுதுபவர்கள் இரண்டிரண்டு பேராகப் பிரித்துக்கொள்கிறார்கள். 25 பேரில் ஜோடி 300தான், அதிலும் முக்கியமான சிலவற்றுக்கு மட்டும் எழுதினால் போதும். 1999இல் வந்த குரோனோ கிராஸில் 40க்கு மேற்பட்ட ஆட்கள். அங்கே இன்னொரு குறுக்கு வழி பிடித்தார்கள். பல இடங்களில் வசனம் ஒன்றுதான், யார் அணியில் இருக்கிறாரோ அவருடைய பேச்சு வழக்கில் அது மாறி வரும். ஒரே வாக்கியத்தை ஒருத்தர் கோயமுத்தூர் 'ஏனுங்க' போட்டும் இன்னொருத்தர் திருநெல்வேலி 'ஏலே' போட்டும் சொல்வதுபோல. கெட்டிக்காரத்தனமான வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும், வாய்தான் வேறு, பேசுவது ஒரே ஆள்.

சண்டையின் கடினத்தை அளப்பதும் இதே கதைதான். ஃபைனல் ஃபேண்டஸி நாலாம் பாகத்தில் ஒரு காந்தக் குகை வரும். இரும்பு ஆயுதமோ கவசமோ போட்டுக்கொண்டு சண்டைக்குப் போனால் ஆள் அசையாமல் நின்றுவிடுவான். அந்தக் குகைக்குள் யார் யார் வருவார்கள் என்று எழுதியவருக்கு முன்னாலேயே தெரியும். அதனால்தான் துணிந்து இப்படி ஒன்றை வைக்க முடிந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்றால், நாலு பேரும் இரும்பை நம்பியவர்களாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து குகையை மென்மையாக்க வேண்டியிருக்கும்.

இப்போது திண்ணைக்கு வருகிறேன். மாறும் அணியில் உட்கார வைக்கப்பட்டவருக்கு என்ன ஆகிறது?

பல பழைய ஆட்டங்களில் சண்டைக்குப் போனவருக்குத்தான் லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி. போகாதவர் நின்ற இடத்திலேயே நிற்பார். பலவீனமாக இருப்பதால் கூட்டிப் போகமாட்டோம், கூட்டிப் போகாததால் பலவீனமாகவே இருப்பார். தெருவில் விளையாடும்போது சின்னப் பையனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோமே, அந்த நிலைமை. அக்கா மகனின் பத்துப் பேரும் இப்படித்தான் ஆனார்கள். பின்னால் வந்தவர்கள் இதற்கு விதவிதமாக மருந்து தேடினார்கள். ஃபைனல் ஃபேண்டஸி ஏழில் வெளியே இருப்பவருக்குப் பாதிப் புள்ளி. பத்தாம் பாகத்தில் (2001) சண்டையின் நடுவிலேயே ஆளை மாற்றலாம், ஆனால் ஒரு முறையாவது களத்தில் ஏதாவது செய்தால்தான் புள்ளி. விளைவு என்ன தெரியுமா? ஒவ்வொரு சண்டையிலும் ஏழு பேரும் வரிசையாக உள்ளே வந்து, ஒரு தட்டு தட்டிவிட்டு, வெளியே போவார்கள். வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்வதுபோல. நானும் எத்தனையோ மணி நேரம் இந்த வருகைப் பதிவேட்டை நிரப்பியிருக்கிறேன். 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, முகாமில் படுத்துக் கிடப்பவருக்கும் புள்ளியைச் சமமாகக் கொடுத்துவிடுகிறது. எண்ணளவில் நியாயம். ஆனாலும் நாம் குகைக்குள் செத்துப் பிழைத்து வரும்போது முகாமில் சும்மா இருந்தவனும் அதே அளவு தேறியிருக்கிறான் என்றால் லேசாக உறுத்தத்தான் செய்கிறது.

எனக்குப் பிடித்தது சுய்கோடென் (1995). சீனத்துப் பழங்கதையை அடியொற்றி 108 பேர். சண்டைக்கு ஆறு பேர்தான். அப்படியானால் 102 பேர் திண்ணையில்தானே? இல்லை. நமக்கு ஒரு கோட்டை கிடைக்கிறது, ஆள் சேரச் சேர அது நிரம்புகிறது. ஒருவர் கொல்லர், ஒருவர் கடை வைக்கிறார். சண்டையே போடத் தெரியாதவர்களும் அந்த 108இல் உண்டு. லெவலில் பின்தங்கியவரைக் கூட்டிப் போனால் அவர் சீக்கிரமே எட்டிப்பிடிக்கும்படி புள்ளிக் கணக்கையும் அமைத்திருக்கிறார்கள். உட்கார்ந்திருக்கிற ஆளும் ஊரில் ஒருத்தர் என்று அந்த ஆட்டத்துக்குத் தெரிகிறது.

பால்டர்ஸ் கேட் முதல் பாகமோ திண்ணையில் இருப்பவருக்கும் ரோஷம் உண்டு என்றது. அதில் ஒரு கணவன் மனைவி ஜோடி வரும். ஒருவரை வேண்டாம் என்றால் இன்னொருவரும் பெட்டியைக் கட்டிவிடுவார். நம் நற்பெயர் ரொம்ப உயர்ந்தால் கெட்டவர்கள் 'இது நமக்குச் சரிப்படாது' என்று விலகிப்போவார்கள். மாஸ் எஃபெக்ட் 2 (2010) இன்னும் ஒரு படி போயிற்று. எப்போதும் இரண்டு பேரைத்தான் கூட்டிப் போகிறோம். ஆனால் கடைசிப் படையெடுப்பில் எல்லாருக்கும் வேலை. நாம் கூட்டிப் போகாமல் பின்னால் காவலுக்கு விட்டவர்களின் பலத்தையும் விசுவாசத்தையும் ஆட்டம் கணக்குப் பார்க்கும். போதாவிட்டால் அவர்களில் சிலர் சாவார்கள், நம் கண்ணுக்கே படாத இடத்தில்.

பாரதத்தில் கர்ணன் ஞாபகம் வருகிறதா? பீஷ்மர் தலைமை தாங்கிய பத்து நாளும் அவன் போருக்கு வரவில்லை. அந்தப் பக்கத்தின் பெரிய வில்லாளி, கூடாரத்தில். அவன் உட்கார்ந்திருந்ததையே கதை சொல்கிறது: ஏன் உட்கார்ந்தான், யார் பேசியது உறைத்தது, பீஷ்மர் சாய்ந்தபின் எப்படிப் போய் நின்றான். கர்ண மோட்சம் நடக்கும் இரவில் விடிய விடிய உட்கார்ந்து ஜனம் அழுவதில் அந்தப் பத்து நாளுக்கும் பங்கு உண்டு. நம் ஆட்டங்களில் பெரும்பாலானவை திண்ணையில் இருப்பவரை ஒரு பட்டியலில் பெயராக வைத்துவிட்டு மறந்துபோகின்றன.

நிலையான அணியும் மாறும் அணியும் மோதிக்கொள்ளும் இடம் ஃபைனல் ஃபேண்டஸி 7 (1997). அதில் நம் அணியில் இருக்கும் ஏரித் என்ற பெண் சாகிறாள். இத்தனை வருஷம் கழித்து இதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. அந்தச் சாவு கதையில் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் அணி மாறக்கூடியது. அவளைத் தொடக்கத்திலிருந்தே கூட வைத்திருந்து, அவளுடைய உச்சத் திறமையை மெனக்கெட்டுச் சம்பாதித்துக் கொடுத்தவனுக்கு நெஞ்சிலும் அடி, அணியிலும் அடி.  அவளைத் திண்ணையில் வைத்தவனுக்கோ ஒரு சோகக் காட்சி, அவ்வளவுதான். என் நண்பன் ஒருவன் அன்றைக்கு, "அவளை நான் சேர்த்ததே இல்லையேடா, எனக்கு ஒண்ணும் ஆகலை" என்றான். பல வருஷம் கழித்து அவனே, அப்படி ஒண்ணும் ஆகாமல் போனதுதான் இப்போது உறுத்துகிறது என்றான்.

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா முறைத்திருப்பாள். டைனோசர்கள் திரியும் ஒரு காடு அந்த உலகத்தில் உண்டு, அங்கே அடித்தால் புள்ளி கொட்டும், பத்துப் பேரையும் முறை வைத்துக் கூட்டிப் போ என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் பேருந்திலிருந்து பேசினான். பின்னால் ஹாரன் சத்தம். இரண்டு அணி தேறிவிட்டதாம். மூன்றாவதில் உமாரோவைப் போட்டிருக்கிறானாம். பனிமனிதன், நாம் இடும் கட்டளை எதையும் கேட்கமாட்டான், தன் இஷ்டத்துக்கு அடிப்பான், அதற்கான மோதிரத்தை மாட்டிவிட்டால் சில நேரம் கூட நிற்பவனையே தூக்கி எதிரி மேல் வீசுவான்.

"அவனை எதுக்குடா போட்ட?"

"அவனுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்ல மாமா. பஸ்ல நின்னுக்கிட்டே ஆடலாம்."